மிராசுப் பங்கு எப்போது சர்வே எண் ஆனது? டெல்டா ஊர்க் கணக்கை 1799-லிருந்து வாசிப்பது எப்படி?

அரசலாற்றங்கரை:

கும்பகோணம் பக்கத்து ஊர் ஒன்றின் நில வரலாற்றைத் தொகுக்கும் வேலை நடக்கிறது. கையில் இருப்பவை: 1890-களின் செட்டில்மெண்ட் (நிலத்தை அளந்து தீர்வை நிர்ணயித்த) பதிவேட்டு நகல், அதற்கு முந்தைய மூன்று கிரயப் பத்திரங்கள், இனாம் (மானிய நில) பதிவேட்டிலிருந்து ஒரு பக்கம், இப்போதைய அ-பதிவேடு (ஊர் நிலப் பட்டியல்).

பழைய பத்திரம் ஒன்றில் "இவ்வூர் மிராசு பன்னிரண்டு பங்கில் ஒண்ணரைப் பங்கு" என்று இருக்கிறது. எந்த வயல், எவ்வளவு பரப்பு, நாலெல்லை எதுவும் இல்லை. செட்டில்மெண்ட் பதிவேட்டில் அதே குடும்பத்தின் பெயரில் வரிசையாக சர்வே எண்கள். இடையில் என்ன நடந்தது?

இன்னொன்று. மிராசுதார் என்ற ஆளையே வெள்ளைக்காரர்கள்தான் உண்டாக்கினார்கள் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். சோழர் காலத்திலிருந்தே அப்படித்தான் என்று இன்னொரு பக்கம். ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அணை கட்டியதால்தான் தஞ்சை செழித்தது என்ற பேச்சும் உண்டு. எதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது?

பழங்கணக்கு:

மிராசு என்ற பரம்பரை ஊர்ப்பங்கு உரிமை பழையது. அதை ஒரு குறிப்பிட்ட வயலின் மேல் உள்ள தனிச்சொத்தாக இறுக்கியதுதான் கும்பினியும் (கிழக்கிந்தியக் கம்பெனி) அதற்குப் பின் வந்த ஆங்கிலேய அரசும் செய்த வேலை. அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் பிடித்தது. உங்கள் பத்திரமும் பதிவேடும் அந்த நூறு வருஷத்தின் இரண்டு முனைகளில் நிற்கின்றன.

காணி, காணியாட்சி (பரம்பரை நில உரிமை) சோழர் கல்வெட்டுகளிலேயே வரும் சொற்கள். மிராசு அரபியிலிருந்து வந்த வருவாய்த்துறைச் சொல். வாரிசு என்பதும் அதே வேர்தான். ஒருவர் ஊரில் ஒரு பங்கு வைத்திருந்தார் என்றால் விளைச்சலில் பாகம், மனைக்கட்டு, தோப்பு, புறம்போக்கைப் பயன்படுத்தும் உரிமை, ஊர்ப் பொதுவருமானத்தில் பாகம் எல்லாம் ஒரே கட்டாக அதில் அடக்கம். பத்திரத்தில் விற்கப்பட்டது அந்தக் கட்டு. வயல் தனியாக விற்கப்படவில்லை, அதனால் நாலெல்லைக்கு அங்கே வேலையும் இல்லை.

1800-களின் தொடக்கத்தில் கும்பினி எடுத்த கணக்கில் தஞ்சாவூர்ச் சீமையில் 5,783 மிராசு ஊர்கள். ஒரே ஆள் கையில் இருந்த ஏகபோகம் 1,807. பலர் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்த பலபோகம் 2,202. பிரிக்காமல் பொதுவில் வைத்திருந்த சமுதாயம் 1,774. சமுதாய ஊரில் விளைச்சலைப் பங்குப்படி பிரிப்பார்கள். இல்லையென்றால் சில வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப்போட்டு வயல்களை மாற்றிக்கொள்வார்கள். இந்த மாற்றத்துக்குத்தான் கரையீடு என்று பெயர். ஆக, ஏகபோகம் அப்போதே மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய பண்ணைகள் எல்லாம் ஆங்கிலேயர் காலத்தில் முளைத்தவை என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் தராது. மறுபக்கம், சுமார் 70 சதவீத ஊர்களில் பங்காளிகள் பலர். சமுதாய ஊர்கள் பிற்காலத்தில் குறைந்ததில் ஆங்கிலேயர் வரிமுறைக்கும் பங்கு உண்டு.

வரிமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மராட்டியர் காலத்தில் களத்திலேயே நெல்லை அளந்து மேல்வாரம் சர்க்காருக்கு, குடிவாரம் குடிக்கு. 1781-ல் ஹைதர் அலி படையெடுப்பில் சீமை பாழானபின் பல ஊர்களைச் சேர்த்து ஒரு ஆளிடம் ஒப்படைக்கும் பட்டக்தார் முறை ஓங்கியது. 1799 அக்டோபர் உடன்படிக்கையில் சரபோஜிக்குக் கோட்டையும், வருஷம் ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மிஞ்சின. சீமை கும்பினிக்குப் போனது. கும்பினி பட்டக்தாரை நீக்கிவிட்டு மிராசுதாரிடம் நேராகக் கணக்கு வைத்துக்கொண்டது. மிராசுதாருக்கு இது பெரிய ஏற்றம்.

1820-களில் இரண்டு ஏற்பாடுகள். மொத்தம்பைசல் என்றால் ஊருக்கு மொத்தமாக ஒரு தொகை. ஒழுங்கு என்றால் நெல்லாக நிர்ணயித்து, ஒரு நிலையான விலையில் பணமாக்குவது; சந்தை விலை ஓர் எல்லையைத் தாண்டி ஏறினாலோ இறங்கினாலோ தீர்வையும் கூடும், குறையும். 1860-ஐ ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் கைவிடப்பட்டது.

பணத்தீர்வை என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு (எண்கள் விளக்கத்துக்கு மட்டும்). ஒரு வேலியில் (சுமார் ஆறரை ஏக்கர்) சர்க்கார் பங்கு 100 கலம் நெல், கலம் 1 ரூபாய் என்று வைத்து 100 ரூபாய் தீர்வை. விலை 12 அணாவுக்கு (முக்கால் ரூபாய்) இறங்கினால் தீர்வை கட்ட 133 கலம் விற்க வேண்டும். 2 ரூபாய்க்கு ஏறினால் 50 கலம் போதும். விலை சரிந்து கிடந்தபோது சிறு பங்காளி கடன்பட்டுப் பங்கை விற்றார். 1850-களுக்குப் பிறகு விலை ஏறியபோது அந்த ஏற்றத்தின் பலன், பங்கை வாங்கிச் சேர்த்தவர் கைக்குப் போனது. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும் மறுவருஷம் திருச்சிக்கும் ரயில் ஓடியது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் அரிசி போயிற்று. பத்திரங்களைத் தேதிவாரியாக அடுக்கினால் உங்கள் ஊரில் பங்குகள் எந்தப் பத்தாண்டில் அதிகம் கைமாறின என்று தெரியும். முதலில் அதைச் செய்யுங்கள்.

1890-களின் முற்பகுதியில் நடந்த ரயத்துவாரி (அரசு பட்டாதாரரிடம் நேராக வரி வாங்கும் முறை) செட்டில்மெண்ட்தான் கடைசிக் கட்டம். வயல் வயலாக அளந்து, கல் நட்டு, மண்வகையும் பாசன ஆதாரமும் பார்த்துத் தரம் போட்டு, சாகுபடிச் செலவு கழித்த நிகர விளைச்சலில் பாதிக்கு மிகாமல் தீர்வை. பட்டா ஆள் பெயரில். பதிவேட்டில் பழைய பைமாஷ் (முந்தைய நில அளவை) எண் என்று ஒரு பத்தி இருக்கும். பழைய பத்திரத்துக்கும் சர்வே எண்ணுக்கும் பாலம் அதுதான். உங்கள் நகலில் அந்தப் பத்தி விடுபட்டிருந்தால் மறுபடி நகல் கேளுங்கள். பல பேர் சர்வே எண்ணையும் பட்டாதார் பெயரையும் மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், பிறகு முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

மதகடி:

காட்டன் பற்றி. அணை கட்டியதால் செழித்தது என்பது பாதி சரி. அவர் வந்தபோது டெல்டா பாசனம் செத்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுசாகும்.

முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் நேராகவும் சரிவாகவும் போகும், படுகை தாழ்வு. காவிரி சுற்றிவளைத்துப் போகும், சரிவு குறைவு. அதனால் வெள்ளம் வரவரக் கொள்ளிடம் ஆழமாகும், காவிரித் தலைப்பில் மணல் மேடிடும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வருஷா வருஷம் மணல் வெட்டியும் கொரம்பு (தற்காலிகத் தடுப்பு) போட்டும்தான் தண்ணீரைத் திருப்பினார்கள். 1804-ல் பொறியாளர் கால்ட்வெல் அளவெடுத்துக் கல்லணையின் மேல் கல் அடுக்கி உயர்த்தச் சொன்னார். நீர் தேங்கியது, கூடவே மணலும் தேங்கியது. 1830-ல் கல்லணையில் மணல்போக்கி மதகுகள் வைக்கப்பட்டன. 1836 முதல் 1838 வரை முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை. அதே காலத்தில் கீழே அணைக்கரையில் கீழணை. அது வீராணம் பக்கத்துக்கு.

பலரும் சொல்லாமல் விடும் பகுதி இதற்குப் பின்னால் வருகிறது. மேலணை தேவைக்கு மேல் வேலை செய்தது. காவிரிக்குள் அதிகத் தண்ணீர் பாய்ந்து தலைப்பும் கரையும் அரித்தன. சில வருஷத்துக்குள் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தி, 1845 வாக்கில் காவிரித் தலைப்பின் குறுக்கே படுகைச்சுவர் கட்ட வேண்டியதாயிற்று. காவிரி–வெண்ணாறு பிரியும் கல்லணையில் அடைப்புப்பலகை வைத்த ரெகுலேட்டர்கள் 1880-களில்தான் வந்தன. அதுவரை வெள்ளத்தைத் தேவைக்கு ஏற்பப் பிரித்துவிட முடியாது. ஆறு கொடுத்ததை வாங்கிக்கொள்வதுதான். முக்கொம்பில் 2018 ஆகஸ்ட் 22 அன்று ஒன்பது மதகுகள் அடித்துப் போனதை நினைவில் வையுங்கள். அந்த இடத்தில் ஆற்றின் குணம் இன்னும் மாறவில்லை.

ஊர் வரலாற்றுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? நீர் உறுதியானதும் தரம் ஏறும், தரம் ஏறினால் தீர்வை ஏறும். தலைமடை ஊரையும் கடைமடை ஊரையும் ஒரே தராசில் போடாதீர்கள். உங்கள் ஊரின் வாய்க்கால் எந்த ஆற்றில் எந்தத் தலைப்பில் பிரிகிறது, வடிகால் எங்கே விழுகிறது என்று முதலில் வரைபடம் போடுங்கள். ரயில் மேடும் ரோட்டு மேடும் வடிகாலுக்குக் குறுக்கே வந்த இடங்களில் பாசன வசதி கூடினாலும் ஐப்பசி கார்த்திகை மழையில் சம்பா முழுகும். அதைச் செட்டில்மெண்ட் தரம் சொல்லாது, தீர்வைத் தள்ளுபடிக் கணக்குதான் சொல்லும்.

குடிமராமத்தையும் பாருங்கள். வாய்க்கால் தூர்வார ஆள் அனுப்பாதவர்களிடம் பணம் வசூலிக்க 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. சட்டம் போட வேண்டிய நிலை வந்ததே செய்திதான். பங்காளிகள் பொதுவில் நிலம் வைத்திருந்தபோது வாய்க்கால் எல்லாருடைய கவலை. பட்டா தனித்தனியானபின் தலைப்புக்காரருக்குத் தூர்வாராவிட்டாலும் தண்ணீர் வரும்.

மேட்டூர் (1934 ஆகஸ்ட் 21 திறப்பு, 93.47 டி.எம்.சி.) தனிக் கதை. புது டெல்டா என்று சொல்லும் பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் கல்லணைக் கால்வாயால் புன்செய் நன்செய் ஆனது. அங்கே மிராசு, பண்ணையாள் வடிவம் பழைய டெல்டா அளவுக்கு இல்லை. உங்கள் ஊருக்கு அது பொருந்தாது.

கடைமடை:

மேலே இரண்டு பேரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் வயலில் இறங்கியவர் யார் என்ற கேள்வி இரண்டிலும் இல்லை. பழங்கணக்கு ஐயா சொல்லும் எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் இல்லாததுதான் காரணம்.

மிராசுதாருக்குக் கீழே புறக்குடி. வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுபவர், விரும்பினால் வெளியேற்றலாம். அதற்கும் கீழே பண்ணையாள். பெரும்பாலும் சேரி மக்கள், பங்கோடு சேர்த்தே விற்கப்பட்டவர்கள். உங்கள் பழைய பத்திரங்களில் "ஆள் அடிமை" என்ற சொல் பங்கின் விவரத்தில் வருகிறதா என்று மறுபடி பாருங்கள். வந்தால் அந்த வரியை அப்படியே படியெடுத்து வையுங்கள், நாசூக்குக்காக விட்டுவிடாதீர்கள்.

1843 சட்டம் அடிமைகளை விடுவித்தது என்று எழுதுவார்கள். அது செய்தது வேறு: அடிமை உரிமையைக் கோர்ட் அங்கீகரிக்காது என்றது, அவ்வளவுதான். வைத்திருப்பது குற்றம் என்றானது இந்திய தண்டனைச் சட்டம் 1862-ல் நடைமுறைக்கு வந்தபோது. நடுவில் கிடைத்த இருபது வருஷத்தில் அடிமை ஓலை கடன் சீட்டாக மாறியது. கல்யாணத்துக்கு வாங்கிய நெல்லும் பணமும் தீராத கணக்காகி மகன் தலையில் விழும். அதைவிட இறுக்கமான கயிறு குடிசை மனை. சேரி நின்ற மனை மிராசுப் பங்கைச் சேர்ந்தது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். நாகப்பட்டினத்துக் கப்பல் ஒன்றுதான் வெளியே போகும் வழி. மலாயாவுக்கு ஒப்பந்தக்கூலி 1910-ல் நின்றது, கங்காணி (ஆள் திரட்டும் மேஸ்திரி) முறையில் ஆள் போவது 1938 வரை நடந்தது. சேரியில் ஆள் குறைந்த வருஷங்களில் பண்ணைக்கூலி என்ன ஆனது என்று தேடினால் நல்ல கட்டுரை எழுதலாம்.

1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றோர் கட்டிய விவசாயச் சங்கத்துக்குப் பிறகுதான் சட்டம் அசைந்தது. 1952 தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஒரு கிராமத்தில் 6⅔ ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவருக்குப் பொருந்தும். குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. அந்த 6⅔ எங்கிருந்து வந்தது? அது ஏறக்குறைய ஒரு வேலி. எல்லை அங்கே விழுந்ததால் பெயரைப் பிரித்து எழுதும் வேலை மும்முரமாக நடந்தது. 1950-களின் பட்டா மாறுதல்களில் திடீரென்று மனைவி, மைத்துனர், மைனர் மகன் பெயர்கள் வந்தால் அதைப் பாகப்பிரிவினை என்று நம்பிவிடாதீர்கள். 1956 நியாய வாரச் சட்டம் உரிமையாளர் பங்கை 40 சதவீதம் ஆக்கியது. வாய்மொழிக் குத்தகை எழுத்தில் ஏறியது 1969 குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்துக்குப் பிறகு. குடிசை மனை 1971 குடியிருப்புச் சட்டத்தில்.

ஆகவே உங்கள் தொகுப்பில் அ-பதிவேட்டுக்குப் பக்கத்தில் குத்தகைதாரர் பதிவேடும் நத்தம் ஆவணங்களும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டாதாரர் வரலாறுதான் மிஞ்சும்.

அரசலாற்றங்கரை:

மூவருக்கும் நன்றி. மூன்றாவது பத்திரத்தில் "ஆள் அடிமை" இருக்கிறது. முதலில் கண்ணில் படவில்லை. இன்னொரு சிக்கல்: அதே பத்திரத்தில் "ஒரு மா முக்காணி", வேறிடத்தில் "பங்கில் மாகாணி". ஏக்கராக மாற்றினால் கணக்கு உதைக்கிறது. இனாம் பக்கத்தில் "இருவாரம்" என்று பென்சிலில் யாரோ எழுதியிருக்கிறார்கள்.

பழங்கணக்கு:

கடைமடை சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், பதிவேட்டின் பார்வை பட்டாதார் பார்வைதான்.

கணக்கு உதைப்பது எல்லாருக்கும் நடப்பது. மா, காணி இரண்டும் மூன்று வேலை செய்யும் சொற்கள். பின்னமாக வந்தால் மா 1/20, காணி 1/80, முக்காணி 3/80, மாகாணி 1/16 (மாவும் காணியும் சேர்த்தால் 5/80, அதுதான் மாகாணி), முந்திரி 1/320. பரப்பாக வந்தால் வேலியின் பின்னம். தஞ்சைப் பக்கம் 12 அடிக் கோலில் குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட், ஒரு வேலி 6.61 ஏக்கர். காணி வேலியில் எண்பதில் ஒன்று, அதாவது 25 குழி, எட்டேகால் சென்ட். தொண்டைமண்டலத்துக் காணி வேறு, அது 1.32 ஏக்கர். இணையத்தில் கிடைக்கும் மாற்று அட்டவணைகள் பெரும்பாலும் அந்தக் காணியைப் போட்டிருக்கும், அதை எடுத்தால் விடை பதினாறு மடங்கு பெருகிவிடும். மூன்றாவது, காணி என்றால் உரிமை.

உங்கள் "ஒரு மா முக்காணி" பரப்பு என்றால் 1/20 + 3/80 = 7/80 வேலி, 175 குழி, சுமார் 58 சென்ட். "பங்கில் மாகாணி" பரப்பே இல்லை. ஒரு பங்கில் பதினாறில் ஒன்று. ஊர் நன்செய் 60 வேலி, பங்கு 12 என்று வைத்துக்கொண்டால் ஒரு பங்கு 5 வேலி, அதில் மாகாணி 6¼ மா, இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். மொத்தப் பங்கு எத்தனை, மொத்த நன்செய் எவ்வளவு என்று தெரியாமல் இதை மாற்றவே கூடாது. கோல் ஊருக்கு ஊர் மாறும், ஆகவே செட்டில்மெண்ட் ஏக்கரோடு ஒரு வயலையாவது ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

1979-87 நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் (யு.டி.ஆர். என்பார்கள்) அளவு ஹெக்டேர், ஏருக்கு மாறியது. ஒரு மா 13.4 ஏர். உட்பிரிவுகளும் அப்போது மாறின. இப்போதைய அ-பதிவேட்டிலிருந்து நேராக 1890-களுக்குத் தாவாமல் நடுவில் அந்தப் பதிவேட்டையும் வையுங்கள்.

"இருவாரம்" பென்சில் குறிப்பை அழித்துவிடாதீர்கள், ஆனால் நம்பவும் வேண்டாம். 1858-ல் தொடங்கிய இனாம் கமிஷன் ஒவ்வொரு மானியத்துக்கும் கொடுத்தவர், நோக்கம், அனுபவிப்பவர் என்று எழுதியது. கோயிலுக்கோ மடத்துக்கோ தரப்பட்டது மேல்வாரம் மட்டுமா, நிலத்தோடு இருவாரமுமா (மேல்வாரம், குடிவாரம் இரண்டும்) என்பது பிற்காலத்தில் கோர்ட்டுகளில் பெரிய சண்டை. 1963 சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்தில் பட்டா யாருக்கு என்பது அதைப் பொறுத்தது. பென்சில் அந்த வழக்குக் காலத்தில் விழுந்ததாக இருக்கலாம். மூலத்தில் மையால் எழுதிய பத்தியில் என்ன இருக்கிறது என்பதைத்தான் பாருங்கள்.

மதகடி:

ஒன்றை விட்டுவிட்டோம். பழைய கணக்கில் ஃபசலி வருஷம் (வருவாய்க் கணக்கு ஆண்டு) இருக்கும், அதோடு 590 கூட்டுங்கள்: ஃபசலி 1303 என்றால் 1893-94. இப்போது ஜூலை 1-ல் தொடங்குகிறது. 1855-க்கு முந்தைய ஆவணங்களில் தொடக்க நாள் அதுவல்ல, எனவே ஆனி, ஆடி மாத விற்பனைகளை ஃபசலியை மட்டும் வைத்து வருஷம் போடாதீர்கள், தமிழ் வருஷப் பெயரும் கூடவே இருக்கும். கலத்துக்கு 12 மரக்கால் என்பது பொது, ஆனால் மரக்காலின் அளவு ஊருக்கும் கச்சேரிக்கும் ஒன்றில்லை. எந்த மரக்கால் என்று பத்திரத்தில் பெயர் இருந்தால் அதையும் படியெடுங்கள்.